குருப் பெயர்ச்சியும் மூச்சுப் பரீட்சையும்

சென்னைக்கு மேற்கே உள்ள பாடி என்னும் ஊரில் இரண்டு காரியங்கள் பிரசித்தமானவை. ஒன்று, திருவலிதாயம் என்று சொல்லப்படும் சிவன் கோவில். மற்றொன்று, அந்தக் கோவிலைச் சுற்றி அம்பத்தூர் வரையிலும் பரவிக் கிடக்கின்ற தொழிற்சாலைகளும் பட்டறைகளும் ஆகும். கோவிலைப் பற்றிய புராணம் என்னவென்றால், பரத்துவாச முனிவர் ஒரு கரிக்குருவியாக இருந்து அங்கே பூசை செய்தாராம். குரு பகவானும் தனக்கு ஏற்பட்ட சாபம் நீங்க அங்கே வந்து சிவனைக் கும்பிட்டாராம். ஆகவே அது குருஸ்தலமாம். வருஷத்துக்கொரு தடவை குருப் பெயர்ச்சி என்று ஒரு நாளைக் குறித்து, ஆயிரக்கணக்கான ஜனங்கள் மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் கையில் வைத்துக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கின்றார்கள்.

தன் சாபத்தைத் தானே தீர்த்துக்கொள்ள யோக்கியதை இல்லாமல் வேறொருவரைக் கும்பிடப் போன குருவானவர், நம்முடைய சாபத்தைத் தீர்ப்பார் என்பது எப்படி என்று அந்த வரிசையில் நிற்கின்றவர்களில் ஒருவராவது கேட்பதில்லை. அந்தக் குரு எந்தத் தேதியில் பெயர்கிறார் என்பதிலாவது அவருடைய ஏஜண்டுகளுக்குள் ஒற்றுமை உண்டா என்றால் அதுவும் இல்லை. வாக்கியப் பஞ்சாங்கக்காரர் ஒரு தேதி சொல்லுகிறார். திருக்கணிதக்காரர் வேறொரு தேதி சொல்லுகிறார். இரண்டு தேதியிலும் உண்டியல் மாத்திரம் நிரம்புகிறது. வியாழன் என்பது சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷம் எடுத்துக்கொள்ளுகின்ற ஒரு வாயுக்கோளம். நமக்கு மிகவும் கிட்டே வருகின்ற காலத்திலும் சுமார் 60 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது. அதற்குப் பாடியில் இருக்கிற பட்டறைத் தொழிலாளியின் ராசியும் தெரியாது. அவனுடைய நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது.

நிற்க, இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் கோவிலைப் பற்றியதல்ல. அந்த வரிசையில் இரண்டு அடி வைத்தால் மூச்சு வாங்கி, மூன்றாவது அடிக்குச் சுவரைப் பிடித்துக்கொள்ளுகின்ற மனிதனைப் பற்றியதேயாகும்.

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளுவோம். அவன் இருபது வருஷம் வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சைத் தட்டி உடைத்தவன். அல்லது சாணைக்கல் முன் நின்று இரும்பைத் தேய்த்தவன். அல்லது மணலை வேகமாய் வீசித் துருவெடுத்தவன். நாற்பது வயதில் அவனுக்கு மாடிப்படி ஏற முடிவதில்லை. வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? “கிரகம் சரியில்லை” என்கிறார்கள். ஜோசியன் “குரு எட்டில் இருக்கிறான்” என்கிறான். மந்திரவாதி “யாரோ ஏவிவிட்டார்கள்” என்கிறான். முதலாளியின் மேஸ்திரி “பீடி குடித்தாயா?” என்று மாத்திரம் கேட்கிறான். இத்தனை பேரும் பேசுகிறார்களே ஒழிய, “நீ இருபது வருஷமாய் எதை மூச்சில் இழுத்தாய்?” என்று கேட்கிறவன் ஒருவனும் இல்லை. கிரகத்தின் பேரிலும் தலையெழுத்தின் பேரிலும் பழியைப் போட்டுவிட்டால், தூசியைக் கிளப்பினவன் தப்பித்துக்கொள்ளுகிறான் அல்லவா? ஜோசியத்தினால் ஜோசியனுக்குக் கிடைப்பது காணிக்கை மாத்திரந்தான். முதலாளிக்குக் கிடைப்பதோ விடுதலைப் பத்திரம். ஆகவேதான் மூடநம்பிக்கையை வெறும் அறியாமை என்று நாம் விட்டுவிடுவதில்லை. அது ஏழையின் கணக்கில் பற்று எழுதுகின்ற ஒரு வியாபாரம் என்று சொல்லுகின்றோம்.

அப்படியானால் நெஞ்சுக்குள் நடப்பதை அறிய வழி உண்டா என்றால், உண்டு. அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஒரு பரீட்சை இருக்கிறது. டாக்டர்கள் சீட்டில் அதை டி.எல்.சி.ஓ. என்று எழுதுவார்கள். நுரையீரலானது காற்றிலுள்ள பிராணவாயுவை இரத்தத்துக்குள் எவ்வளவு தாராளமாகக் கடத்துகிறது என்று அளந்து பார்க்கும் சோதனை அது.

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். துருத்தி நன்றாய் ஊதலாம். ஆனால் உலையின் வாய் சாம்பலால் அடைபட்டிருந்தால் நெருப்புப் பிடிக்காது. நுரையீரலிலும் இந்த இரண்டு வேலையும் உண்டு. காற்றை இழுத்து விடுவது துருத்தியின் வேலை. இழுத்த காற்றிலிருந்து பிராணவாயு மெல்லிய சவ்வைக் கடந்து இரத்தத்தில் சேருவது உலையின் வேலை. குழாயில் ஊதச் சொல்லிப் பார்க்கிற சாதாரண ஸ்பைரோமீட்டர் சோதனை துருத்தியை மாத்திரம் அளக்கும். உலையின் வாய் திறந்திருக்கிறதா என்று அளப்பதுதான் நாம் சொல்லுகிற சோதனை.

நம் ஒவ்வொருவருடைய நெஞ்சுக்குள்ளும் 30 கோடிக்கு மேற்பட்ட சிறு காற்றறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஒரு வீட்டின் தரை முழுவதையும் மூடிவிடலாம். அந்த அறைகளின் சவ்வோ, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைந்த கனமுடையது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரத்தமானது இந்தச் சவ்வின் ஓரமாக ஓடுகின்ற நேரம் முக்கால் வினாடிதான். அதிலும் கால் வினாடிக்குள்ளேயே வேண்டிய பிராணவாயு ஏறிவிடுகிறது. மீதி அரை வினாடி கையிருப்பு. சவ்வு கொஞ்சம் தடித்துப் போனாலும் அந்தக் கையிருப்பைத் தின்று மனிதன் காலந்தள்ளுகிறான். தனக்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறான். அவன் ஓடும்போது, சுமை தூக்கும்போது, படியேறும்போது இரத்தம் வேகமாய் ஓடுவதனால் நேரம் குறைகிறது. அப்பொழுதுதான் குட்டு வெளிப்படுகிறது. ஆதலால்தான் விரலில் மாட்டுகின்ற கருவி, உட்கார்ந்திருக்கிறவனுக்கு 97 என்று நல்ல கணக்குக் காட்டும். அவனுடைய நுரையீரலின் கடத்தும் சக்தியோ பாதிக்குக் குறைந்து போயிருக்கும்.

சோதனை செய்கிற விதம் இதுதான். மூக்குக்கு ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் குழாயை வைத்து, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியே ஊதச் சொல்லுவார்கள். பிறகு ஒரே இழுப்பில் நெஞ்சு நிறைய ஒரு கலப்பு வாயுவை இழுத்து, 10 வினாடி அடக்கி வைத்து, விடச் சொல்லுவார்கள். அந்தக் கலப்பில் நூற்றுக்கு 0.3 பங்கு கார்பன் மோனாக்சைடு இருக்கும். இரத்தத்தில் கரையாத ஹீலியம் போன்ற வேறொரு வாயுவும் கொஞ்சம் இருக்கும். மூடின அறையில் கரியடுப்பு எரித்து மாண்டவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அவர்களைக் கொன்றது இந்தக் கார்பன் மோனாக்சைடுதான். பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தக் குணத்தையே சாஸ்திரிகள் உபயோகப்படுத்திக்கொண்டார்கள். சவ்வைக் கடந்ததெல்லாம் இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளுவதனால், இழுத்தது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால், கடந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. இவ்வளவு சொற்ப அளவில் 10 வினாடி இழுப்பதால் தீங்கு ஒன்றுமில்லை. ஊசி இல்லை, கத்தி இல்லை, தட்சணை இல்லை, தேங்காய் இல்லை. வேண்டியது ஒரு முழு மூச்சு, அவ்வளவுதான்.

இந்தச் சோதனை எப்படிப் பிறந்தது என்பதைச் சுயமரியாதைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. நுரையீரலானது சுரப்பியைப் போல் தானே முயன்று பிராணவாயுவை இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று டென்மார்க்கில் கிறிஸ்டியன் போரும், இங்கிலாந்தில் ஹால்டேனும் சொன்னார்கள். இருவரும் பெரிய விஞ்ஞானிகள். போரிடம் உதவியாளராய் இருந்த ஆகஸ்ட் குரோக் என்பவரும், அவருடைய மனைவி மேரி குரோக் என்பவரும் அளந்து பார்த்தார்கள். தள்ளுகிறவர் ஒருவரும் இல்லை; மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு தானாகவே பரவுகிறது, அதுவே போதும் என்று 1910-ல் வெளியிட்டார்கள். கார்பன் மோனாக்சைடைக் கொண்டு ஒரே மூச்சில் அளக்கின்ற முறையை 1915-ல் வெளியிட்டவர் மேரி குரோக் அம்மையாரே. பின்பு 1920-ல் கேம்பிரிட்ஜில் பார்கிராப்ட் என்பவர் பிராணவாயு குறைந்த ஒரு கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் தம்மையே அடைத்துக்கொண்டு, தம் இரத்தத்தையே எடுத்துப் பார்க்கச் செய்தார். குரோக் தம்பதிகள் சொன்னதே சரியென்று கண்டது. 1957-ல் அமெரிக்க வைத்தியர்கள் அந்த முறையைச் செப்பனிட்டார்கள். அதுவே இன்று ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, குரு சொன்னதைச் சீடன் மறுத்தான். குருத்துரோகம் என்று அவன் நாக்கை ஒருவரும் அறுக்கவில்லை. தானும் அவரை நிந்திக்காமல், மரியாதையோடேயே அளவை எடுத்துக் காட்டினான். நம் நாட்டில் குரு என்றால் காலில் விழ வேண்டியவர். அங்கே குரு என்றால் தப்புக் கண்டுபிடித்துத் திருத்தப்பட வேண்டியவர். இரண்டாவது, அளவை முறையைக் கண்டு கொடுத்தவர் ஒரு பெண். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று நம் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் வைத்தியர் உலகத்தின் மூச்சை அளக்க முறை வகுத்தார். மூன்றாவது, பிராணவாயு என்று நாம் பேர் வைத்திருப்பதனாலேயே அது ஏதோ ஆத்மா சம்பந்தமான சங்கதி என்று சில பிரசங்கிகள் கதைக்கிறார்கள். அது ஆத்மாவும் அல்ல, ஈசுவரனும் அல்ல. தளர்ந்த இடத்துக்கு நெருக்கமான இடத்திலிருந்து பரவுகின்ற ஒரு வாயு. சாம்பாரில் உப்புக் கரைவதற்கு எந்தத் தெய்வம் வேண்டுமோ, அந்தத் தெய்வமே இதற்கும் போதும்.

விஞ்ஞானம் என்று சொன்னவுடனே கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அது வேறொரு பூசையாகிவிடும். விஞ்ஞானக் கருவிக்குள்ளும் ஜாதி புகுந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் யோக்கியர்கள் ஆக மாட்டோம். 1846-ல் லண்டனில் ஹட்சின்சன் என்பவர் மூச்சளக்கும் ஸ்பைரோமீட்டரை உலகத்துக்குக் காட்டினார். சில வருஷத்துக்குள் அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்த கார்ட்ரைட் என்னும் வைத்தியர், நீக்ரோக்களின் நுரையீரல் பிறவியிலேயே சக்தி குறைந்தது, ஆகையால் அடிமை வேலையே அவர்களுக்கு ஆரோக்கியம் என்று எழுதினார். மனு என்ன சொன்னாரோ அதையே அவர் கருவியின் வாயால் சொல்லவைத்தார். கறுப்பருக்கு இவ்வளவு, ஆசியாக்காரருக்கு இவ்வளவு என்று கழிக்கின்ற கணக்கு பின்னாளில் மெஷின்களுக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. 1999-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஒரு கம்பெனியார், கல்நார்த் தூசியால் கெட்ட கறுப்புத் தொழிலாளர்கள் நஷ்டஈடு பெற வேண்டுமானால் வெள்ளையரைவிட அதிகமாய் நுரையீரல் கெட்டிருக்க வேண்டுமென்று கோர்ட்டில் வாதாடினார்கள். நீதிபதி அதை ஒப்பவில்லை. 2023-ல்தான் அமெரிக்க நெஞ்சுநோய் வைத்தியர்களின் சங்கம், ஸ்பைரோமீட்டர் கணக்கில் நிறம் பார்க்கக்கூடாது என்று தீர்மானம் சொல்லிற்று. விரலில் மாட்டுகின்ற கருவியும் கறுத்த தோலில் அதிகமாய்த் தப்புகிறது என்பது 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. நம்மில் பெரும்பாலோர் கறுத்த தோல்காரர்கள்தானே? ஆகையால் “இந்தக் கணக்கு யாரை அளந்து போட்ட கணக்கு?” என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. விஞ்ஞானத்துக்கும் வேதத்துக்கும் வித்தியாசம் என்னவென்றால், விஞ்ஞானத்தில் இப்படிக் கேட்டவன் நரகத்துக்குப் போவதில்லை; கணக்குத்தான் திருந்துகிறது.

சோதனைக்கும் எல்லையுண்டு. இரத்தசோகை உள்ளவர்களுக்கு நுரையீரல் நன்றாயிருந்தாலும் இந்தக் கணக்குக் குறைந்து காட்டும். ஏனென்றால் வாயுவைப் பற்றிக்கொள்ள இரத்தத்தில் சத்துப் போதாது. நம் நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். புருஷனுக்கும் பிள்ளைக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்பதே பதிவிரதா தர்மம் என்று சொல்லிக்கொடுத்ததன் பலன் அது. சற்று முன் பீடி குடித்தவனுக்கும் கணக்குத் தப்பும். ஆதலால் அன்று புகை ஆகாது. கல்தூசியால் வருகின்ற சிலிகோசிஸ் என்னும் வியாதியைக் கண்டுபிடிக்க மார்பு எக்ஸ்ரே படமும், இன்ன வேலையில் இத்தனை வருஷம் இருந்தான் என்கிற விவரமும் முக்கியம். இந்தச் சோதனை அதன்மேல், எவ்வளவு நஷ்டமாயிருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டும் தராசு.

அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது என்பதே இப்பொழுது கேள்வி. சிலிகோசிஸ் வந்துவிட்டால் அதைப் போக்க மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகிய பின்னும் அது வளரக்கூடும். அத்துடன் காசநோயும் சுலபமாய்ப் பற்றிக்கொள்ளும். ஆனால் வராமல் தடுக்க வழி மிகவும் எளிது. மணலை நனைத்து வேலை செய்வது, தூசி கிளம்புகிற இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றுவது, மணலுக்குப் பதில் வேறு பொருளை உபயோகிப்பது, இவையெல்லாம் செய்த பிறகு மிச்சத்துக்கு முகமூடி. ஆனால் நடப்பது என்ன? இதில் கடைசியில் சொன்ன முகமூடியை, அதுவும் ஒரு துணித்துண்டை, முதலில் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி சிலிகோசிஸும் கல்நார் நோயும் சர்க்காருக்கு அறிவிக்கப்பட வேண்டிய வியாதிகளாயிருந்தன. அதே 1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலும் இவை தொழிலால் வரும் வியாதிகள் என்று சேர்க்கப்பட்டன. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டார் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றும், அவனுடைய உடல்நிலைக் குறிப்புகளை 40 வருஷம் வரையில் பாதுகாக்க வேண்டுமென்றும் தீர்ப்புச் சொன்னார்கள். எழுத்து எல்லாம் இருக்கிறது. ஆனால் வியாதியைக் கண்டுபிடித்தால்தானே அறிவிக்க வேண்டும்? கண்டுபிடிக்காதவரையில் வியாதி இல்லை; வியாதி இல்லாதவரையில் நஷ்டஈடும் இல்லை. இந்தத் தந்திரத்துக்குக் குருப் பெயர்ச்சி மிகவும் ஒத்தாசையாயிருக்கிறது.

தொழிலாளிக்கும் ஒரு பயம் உண்டு. “பரீட்சைக்குப் போனால் உனக்கு மூச்சுப் போதாது என்று சீட்டுக் கொடுத்து வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அதற்குக் கோவிலே மேல்” என்று நினைக்கிறான். இந்தப் பயத்தை நாம் மூடத்தனம் என்று தள்ளமாட்டோம். இது நியாயமான பயம். ஆளைக் கழிப்பதற்கு இந்தச் சோதனை ஆயுதமாகுமானால், சாணைக்கல்லில் போகாத உயிர் பட்டினியில் போகும். ஆதலால் சோதனை வேண்டுமென்று கேட்கிற நாம், அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை உண்டு.

முதலாவதாக, தூசியுள்ள வேலைக்குச் சேரும்போதே ஒரு தடவையும், பிறகு கிரமமாகவும், முதலாளி செலவில் எக்ஸ்ரேயும் ஊதும் சோதனையும் செய்ய வேண்டும். சந்தேகம் கண்டவர்களுக்கு இந்தக் கடத்தல் சோதனையும் செய்ய வேண்டும். இதற்கு வேண்டிய மெஷினும் வாயுவும் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தவிர மற்ற இடங்களில் அருமையாயிருப்பதால், தொழிலாளிகளின் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தையும் கொண்டு நடக்கிற ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் அது தாராளமாய்க் கிடைக்கச் செய்ய வேண்டும். இரண்டாவதாக, முடிவைத் தமிழில் எழுதித் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். அவன் நெஞ்சின் கணக்கு ஆபீஸ் பீரோவுக்குள் இருக்கக்கூடாது. மூன்றாவதாக, கணக்குக் குறைந்தால் ஆளை நீக்கக்கூடாது. சம்பளம் குறையாமல் தூசியில்லாத வேலைக்கு மாற்றி, அந்த இடத்துத் தூசியை அடக்க வேண்டும். நான்காவதாக, மஸ்டர் ரோலில் பேரில்லாத கண்டிராக்ட் ஆளுக்கும், வடக்கேயிருந்து வந்த ஆளுக்கும் இதெல்லாம் உண்டு. தூசி ஜாதியும் பாஷையும் பார்த்து நெஞ்சில் நுழைவதில்லை.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குச் சேத்துப்பட்டைக் காட்டுகிறோம். காசநோய் பூர்வஜன்மப் பாவம் என்றும், மலைக்காற்றும் பாலும் முட்டையும் உள்ள பணக்காரனுக்கே அதில் பிழைப்பு உண்டென்றும் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 1956-ல் சென்னையில் அதற்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியாரை அவர்களுடைய நெருக்கமான ஏழைக் குடிசைகளிலேயே வைத்தும், ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பகுதியாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள் என்று 1959-ல் வெளியாயிற்று. அதன்பேரில் உலக முழுவதும் காசநோய் வைத்தியமே மாறிற்று. அந்த ஏழைகளின் ஜாதகத்தை யாரும் பார்க்கவில்லை, சளியைப் பார்த்தார்கள். பூர்வஜன்மத்தைக் கேட்கவில்லை, மாத்திரையைச் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். பாவம் போன இடம் தெரியவில்லை.

ஆகவே பாடித் தோழர்களுக்கும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தோழர்களுக்கும், மற்றும் கல் உடைக்கின்ற, இரும்பு தேய்க்கின்ற எல்லாத் தோழர்களுக்கும் நாம் சொல்லிக்கொள்ளுவது இதுதான். மூச்சு வாங்கினால் அது உங்கள் தலையில் எழுதினதல்ல. உங்கள் நெஞ்சில் படிந்தது. தலையில் எழுதினதை ஒருவராலும் வாசிக்க முடியாது. நெஞ்சில் படிந்ததை அளந்து, எண்ணாக்கி, சீட்டில் எழுதி, சங்கத்தின் மேஜைமீதும், வேண்டுமானால் கோர்ட்டின் மேஜைமீதும் வைக்க முடியும். அடுத்த குருப் பெயர்ச்சியன்று ஒரு நாள் கூலியை விட்டு அந்த வரிசையில் நிற்பதற்கு முன், அந்த ஒரு நாளை ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டிச் செலவழித்துப் பாருங்கள். 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குரு பெயர்ந்தாலும் பெயராவிட்டாலும், பட்டறையில் இருக்கிற தூசி பெயர்ந்தாக வேண்டும். அது கும்பிடுவதனால் பெயராது, கேட்பதனாலேயே பெயரும்.